நூறு டாலர் நுழைவுக் கட்டணம்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. நீயும் உன்னோடு வேலை பார்க்கும் மூன்று கறுப்பின நர்ஸ்களும் சேர்ந்து முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு இல்லம் தொடங்கப்போகிறீர்கள், சேர்க்கைக் கட்டணத்தில்தான் உங்களுக்குள் இழுபறி என்று எழுதியிருந்தாய். டாலர் கணக்கு எனக்குப் பிடிபடாது. ஆனால் போன ஐப்பசியில் நீ நியூயார்க் மாநிலத்து ஆபர்னுக்குக் காரில் கூட்டிப்போய்க் காட்டினாயே, அடிமையாயிருந்து தப்பிய கறுப்பினப் பெண் ஹேரியட் டப்மன் தொடங்கிய முதியோர் இல்லம், திண்ணை வைத்த அந்த வெள்ளை மர வீடு, அது இன்னும் என் மனதில் இருக்கிறது.

அந்த அம்மாள் அடிமைகளை இரவோடு இரவாகத் தப்புவித்தது ஊருக்கே தெரியும். பெற்றவர்களை எப்படி அழைத்துவந்தாள் என்பதுதான் எனக்குப் பெரிது. 1857-ல் இருவருக்கும் நடக்கத் தெம்பில்லை. பழைய சக்கரங்கள் இரண்டைத் தேடிப்பிடித்து, அச்சின் மேல் ஒரு பலகையைப் போட்டு வண்டியாக்கினாளாம். கனடாவில் கொண்டுபோய் விட்டால், குளிர் தாங்கவில்லை என்று கிழமும் கிழவியும் ஒரே புலம்பல். பிறகுதான் 1859-ல் ஆபர்னில் வீடு வாங்கினாள். (உன் வீட்டில் நான் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்துச் சிரிக்காதே.)

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவளும் நர்ஸ்தான். வேர், மூலிகைக் கஷாயம் கொடுத்துச் சீதபேதி கண்ட சிப்பாய்களைத் தேற்றியிருக்கிறாள். அவ்வளவு செய்தவளுக்கு 1899-லிருந்து கிடைத்த பென்ஷன் மாதம் 20 டாலர். அதை வைத்துக்கொண்டுதான் போக்கிடம் இல்லாதவர்களுக்கெல்லாம் வீட்டில் சோறு போட்டாள். 1896-ல் பக்கத்து நிலம் 25 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. கூட்டமெல்லாம் வெள்ளைக்காரர்கள், மூலையில் ஒளிந்துகொண்டே விலையை ஏற்றி எடுத்துவிட்டாள். கடனும் வரியும் கழுத்தை நெரிக்க, 1903-ல் முதியோர் இல்லம் நடத்தச் சொல்லி நிலத்தைக் கறுப்பினத்தவரின் சர்ச் ஒன்றுக்கே எழுதிக் கொடுத்தாள். இல்லம் திறந்தது 1908-ல்.

அந்தச் சர்ச், நூறு டாலர் கட்டினால்தான் உள்ளே இடம் என்றது. அவள் பென்ஷனில் ஐந்து மாதப் பணம்! கையில் காலணா இல்லாதவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும் என்றல்லவா நான் விதி வைக்க நினைத்தேன் என்று அவள் பொருமியிருக்கிறாள்.

சர்ச்சை ஒரேயடியாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விறகும் மாவும் சும்மா வருமா? வாடகைக்காகக் கட்டணம் வேண்டும் என்று உன் தோழி சொல்கிற கணக்கும் நியாயம்தான். ஆனால் முப்பத்தொரு வருடம் கிராம சுகாதார செவிலியராகத் தெருத்தெருவாக நடந்தவள் நான். ஓர் ஊரில் மருந்துச் சீட்டுக்கு ஐந்து ரூபாய் என்று வைத்தார்கள். கூட்டம் குறைந்ததாகவே தெரியவில்லை, ஏனென்றால் கொடுக்க முடிந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். என் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் சர்க்கரை நோய்க்காரக் கிழவிகள் நான்கு பேரை மூன்று மாதமாகக் காணோம் என்று தெரிந்தது. ஒருத்தியைத் தேடிப்போனேன். கால் விரலில் புண். அதன் மேல் மஞ்சள் பற்று. 'ஐந்து ரூபாய் இல்லை' என்று அவள் சொல்லவில்லை. 'நேரமில்லை தாயி' என்றாள்.

அதனால் கட்டணம் வேண்டுமானால் வையுங்கள், வாசலில் வைக்காதீர்கள். முதல் ஒரு மாதம் வந்து உட்காரட்டும், சாப்பிடட்டும், ரத்த அழுத்தம் பாருங்கள். பிறகு முடிந்தவர்களிடம் தனியாகக் கேளுங்கள். வராமல் நின்றவர்களின் பெயரை எழுத ஒரு நோட்டும் போட்டுவிடு. அதை நீயே வைத்துக்கொள்.

டப்மன் 1911-ல் தளர்ந்துபோய் அதே இல்லத்தில் சேர்ந்தாள். 1913 மார்ச்சில் அங்கேயே போய்விட்டாள். அவளிடம் நூறு டாலர் கேட்டிருப்பார்களா என்று உன் அப்பா கேட்கிறார். அவர் குசும்பு உனக்குத் தெரியாததா!

பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் தோழிகளுக்கும் கொடு. காரம் கொஞ்சம் தூக்கல் என்று முன்பே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா