ஐகான் போனது, எஞ்சின் போகவில்லை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசு நிம்மதியாக இருக்கிறது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல்.

ஆபீஸ் கம்ப்யூட்டர் எட்டிலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போய்விட்டது, எல்லாரும் குரோமுக்கு வந்தாச்சு, இனி அந்தப் பழைய ஓட்டைகளை மறந்துவிடலாம்தானே என்று கேட்டிருக்கிறாய். மறக்கக் கூடாது, முருகேசா. ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் பான் நம்பரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கிடக்கின்றன என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2022 ஜூன் 15-ல் மைக்ரோசாஃப்ட் அந்த பிரவுசருக்கு ஓய்வு கொடுத்தது. 2023 பிப்ரவரியில் அவர்களுடைய புது பிரவுசரான எட்ஜுக்கு வந்த அப்டேட்டுக்குப் பிறகு ஐகானைத் தட்டினாலும் எட்ஜ்தான் திறக்கிறது. ஆனால் பக்கத்தைப் படித்துத் திரையில் வரைகிற எஞ்சின் தனி ஃபைல். எம்.எஸ்.எச்.டி.எம்.எல். என்ற பெயரில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இன்றும் அப்படியே இருக்கிறது. எத்தனையோ பழைய சாஃப்ட்வேர் அதை நம்பி ஓடுகிறது. பழைய சைட்டுகளை எக்ஸ்ப்ளோரர் மாதிரியே திறக்க எட்ஜுக்குள் இருக்கும் ஐ.ஈ. மோடும் அதில்தான் ஓடுகிறது. அந்த மோடைக் குறைந்தது 2029 வரை ஆதரிப்பதாக மைக்ரோசாஃப்ட் சொல்லியிருப்பதால் எஞ்சினை எடுக்க வழியில்லை. யார் கூப்பிட்டாலும் எழுந்து வரும்.

2024 ஜூலை 9-ல் திருத்தப்பட்ட சி.வி.இ.-2024-38112 என்ற ஓட்டையைப் பார் (சி.வி.இ. என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்). செக் பாயின்ட் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது. அவர்கள் கையில் கிடைத்த மாதிரிகளில் சில 2023 ஜனவரியைச் சேர்ந்தவை. ஒன்றரை வருடம் ஓடியிருக்கிறது. வந்தது ஒரு யூ.ஆர்.எல். ஷார்ட்கட் ஃபைல், அதாவது தட்டினால் ஒரு இணைய முகவரியைத் திறக்கும் ஃபைல். நோட்பேடில் திறந்தால் சில வரிகள்தான். முகவரி வரியில் எச்.டி.டி.பி.க்கு முன்னால் 'எம்.எச்.டி.எம்.எல்.' என்று ஒட்டியிருக்கும். அந்த ஒட்டுதான் எட்ஜை விட்டுவிட்டுப் பழைய எக்ஸ்ப்ளோரரை எழுப்பியது, விண்டோஸ் 11-லும் கூட. இன்னொரு வரி, எட்ஜ் புரோகிராமுக்குள்ளேயே இருக்கும் பி.டி.எஃப். படத்தை ஐகானாகக் காட்டச் சொன்னது. பார்ப்பவர் கண்ணுக்கு அது பி.டி.எஃப்.

திறந்ததும் வந்து இறங்குவது எச்.டி.ஏ. ஃபைல், அதாவது பிரவுசரின் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல் ஓடும் புரோகிராம். பெயரில் 'பி.டி.எஃப்.' என்று முடித்து, அதன் பின்னால் பிரெய்ல் எழுத்தில் ஒரு புள்ளிகூட இல்லாத வெற்று எழுத்தை 26 தடவை போட்டு, கடைசியில் எச்.டி.ஏ. என்று எழுதியிருந்தார்கள். இத்தனை வெற்றிடத்தைத் தாண்டி அந்த வால் டயலாக் பெட்டிக்குள் தெரியவே தெரியாது. இந்தப் பெயர் மறைப்பு சி.வி.இ.-2024-43461 என்ற தனி ஓட்டை. செப்டம்பரில்தான் அதற்குத் திருத்தம் வந்தது. குரோமும் எட்ஜும் இப்படி ஒரு ஃபைலை இறக்கும்போதே அபாயம் என்று எச்சரிக்கும். பழைய எக்ஸ்ப்ளோரர் ஓரிரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடும்.

அதுவாவது ஆள் கிளிக் செய்ய வேண்டும். தென்கொரியாவில் அதுவும் வேண்டியிருக்கவில்லை. அங்கே இலவச சாஃப்ட்வேரோடு சேர்ந்து வரும் விளம்பரப் பெட்டிகள் திரை மூலையில் எட்டிப் பார்க்கும். அவை ஓடியது இதே எஞ்சினில். விளம்பர சர்வருக்குள் புகுந்து, வருகிற விளம்பரத்திலேயே தாக்குதலை வைத்துவிட்டார்கள். 2024 ஆகஸ்ட் 13-ல் திருத்தப்பட்ட சி.வி.இ.-2024-38178 அது. 2022-ல் ஒருமுறை அடைத்த ஓட்டைதான். அந்த அடைப்பைத் தாண்ட மூன்று வரி புரோகிராம் கோடு மட்டும் கூட்டியிருந்தார்கள். எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. புதிதாக வளராத எஞ்சினில் ஓட்டையைப் பூசத்தான் பூசுகிறார்கள், கட்டிக் கொடுப்பதில்லை.

சரி, உன் மெஷின்களில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்த எஞ்சினுக்கான திருத்தம் விண்டோஸின் மாதாந்திர அப்டேட்டோடு வருகிறது. குரோம் அப்டேட்டாக இருந்தால் போதும் என்று நினைத்து அதைத் தள்ளிப்போடாதே. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. அதன் பிறகும் பாதுகாப்புத் திருத்தம் தரும் ஈ.எஸ்.யூ. திட்டத்தில் சேராத மெஷினுக்கு இந்தத் திருத்தங்கள் வராது. குரோம் புதிதாக இருந்தாலும் எஞ்சின் பழையதாகவே நிற்கும்.

அடுத்து, செட்டிங்ஸில் டிஃபால்ட் ஆப்ஸ் போய் எச்.டி.ஏ. வகையைத் தேடி அதற்கு நோட்பேடைக் கொடு. பிறகு யார் தட்டினாலும் வெறும் எழுத்தாகத் திறக்கும். ஒவ்வொரு யூசர் அக்கவுண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், அதை விட்டுவிடாதே. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஆல்ட்-பி அழுத்தி, ஃபைலைத் திறக்காமலே உள்ளே இருப்பதைக் காட்டும் பிரிவ்யூ பலகையை மூடிவை. 2021-ல் வந்த சி.வி.இ.-2021-40444-ல் ஆர்.டி.எஃப். வகை டாகுமென்ட் ஃபைலைத் திறக்கவே வேண்டாம், அந்தப் பலகையில் தெரிந்தாலே போதுமாக இருந்தது. ஃபைல் எக்ஸ்டென்ஷனைக் காட்டும் டிக்கைப் போட்டுவை. ஆனால் அதைப் போட்டாலும் யூ.ஆர்.எல். ஃபைலின் வால் தெரியாது, விண்டோஸ் அதை எப்போதும் மறைத்தே வைக்கும். டீடெய்ல்ஸ் வியூவில் 'டைப்' பத்தியைப் பார்க்க ஆபீஸ் பிள்ளைகளுக்குப் பழக்கு. 'இன்டர்நெட் ஷார்ட்கட்' என்று ஒரு பில் வந்தால் அது பில் இல்லை.

ஜிப் விஷயத்தையும் கவனி. இணையத்திலிருந்து இறங்கும் ஃபைலுக்கு விண்டோஸ் ஒரு முத்திரை போடும். அதைப் பார்த்துத்தான் வேர்டு, எடிட் செய்ய விடாமல் பாதுகாப்பாகத் திறக்கிறது. ஜிப் ஃபைலை 7-ஜிப் சாஃப்ட்வேர் விரிக்கும்போது அந்த முத்திரை உள்ளே இருக்கும் ஃபைலுக்குப் போகாது. 22.00 பதிப்பு முதல் ஆப்ஷன்ஸில் 'ஸோன் ஐடி'யை, அதாவது அந்த முத்திரையைக் கடத்தும் வசதி இருக்கிறது. நாமாக 'யெஸ்' போட வேண்டும். ஜிப்புக்குள் ஜிப் வைத்து இதையும் ஏமாற்றினார்கள், 24.09-ல்தான் சரியானது. 7-ஜிப் தானாக அப்டேட் ஆகாது, எட்டு மெஷினிலும் நீதான் ஏற்ற வேண்டும். கிளையன்ட் பென் டிரைவில் கொண்டுவரும் ஃபைலுக்கு முத்திரையே இருக்காது. விண்டோஸ் டிஸ்க்குகளில் வழக்கமான என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட்டில்தான் அது ஒட்டும், பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 போன்ற வேறு ஃபார்மட்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்காக ஏதாவது போர்ட்டல் ஐ.ஈ. மோட் கேட்டால், எட்ஜ் செட்டிங்ஸில் அந்த ஒரு முகவரியை மட்டும் சேர். முப்பது நாளில் தானாக விழுந்துவிடும். எரிச்சலாக இருந்தாலும் நல்லதுக்குத்தான். போலி சைட்டில் "ஐ.ஈ. மோடில் திற" என்று ஆட்களைத் தூண்டித் தாக்கியது 2025 ஆகஸ்டில் தெரியவந்து, டூல்பாரில் இருந்த அந்தப் பட்டனையே மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது.

எந்தெந்த மெஷின் இன்னும் விண்டோஸ் 10-ல் நிற்கிறது, எந்த போர்ட்டல் ஐ.ஈ. மோட் கேட்கிறது என்று பார்த்து எழுது. எதை முதலில் மாற்றுவது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்,
செல்வம்