பன்னீர் சோடாவை நிறுத்தியாயிற்று

சாத்தூர்,
பங்குனி 24

அன்புள்ள சோடாபுட்டி,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? கண் ஆபரேஷன் முடிந்தும் உன் கண்ணாடி மட்டும் இளைக்கவே இல்லை என்பதைக் கல்யாண போட்டோவில் பார்த்துக்கொண்டேன்.

கல்யாணம் என்றதும் நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. சரி, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தை மாதம் உன் சின்ன மகள் கல்யாணத்துக்கு நான் வராததற்கு முதுகுவலி என்று வீட்டில் போனில் சொன்னது பொய். அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று, 'இவ கல்யாணத்துக்குப் பன்னீர் சோடா என் செலவு' என்று சொன்னவன் நான். நீ மறந்திருப்பாய், தங்கச்சி மறந்திருக்க மாட்டாள். பன்னீர் சோடா போடுவதை மார்கழியிலேயே நிறுத்திவிட்டேன், மாப்பிள்ளை. பிறகு எந்த முகத்தோடு வருவது? அடுத்தவன் சோடாவைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து உன் பந்தலில் இறக்கச் சொல்கிறாயா?

பஸ் ஸ்டாண்டு அண்ணாச்சி கடையில்தான் இது ஆரம்பித்தது. கொய்யாப்பழ விவகாரம் நடந்த அதே கடைதான். அப்பா காலத்திலிருந்து அங்கே நம் சோடா கிரேட் இறங்காத நாளே கிடையாது. போன சித்திரையில் ஒரு பெரிய கம்பெனி ஆள் வந்து, கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ் ஒன்றைச் சும்மாவே வைத்துவிட்டுப் போனான். ஒரே நிபந்தனை, அதற்குள் அடுத்தவன் பாட்டில் இருக்கக் கூடாது. அண்ணாச்சியும் பாவம், என் கிரேட்டை வெளியே நிழலில் வைத்து ஈரச்சாக்கு போட்டுப் பார்த்தார். நம்மூர்ச் சித்திரை வெயிலுக்கு ஈரச்சாக்கு எந்த மூலைக்கு? பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் சில்லென்று பத்து ரூபாய்க்கு ஒன்று கேட்டால் அவரும் எதைத்தான் எடுத்துக் கொடுப்பார்? தாகமெடுத்தால் நானே அதைத்தான் கேட்பேன்.

அந்தப் பத்து ரூபாய்தான் இப்போது இந்தத் தொழிலையே பிடித்து ஆட்டுகிறது. 1977-ல் கோகோ கோலா நாட்டைவிட்டுப் போனது, நாம் ஒன்பதாவது படித்தபோது. அப்பா அன்றைக்குத் தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் கலர் சோடா உடைத்துக் கொடுத்தாரே, நீ மூன்று குடித்துவிட்டு வாந்தி எடுத்தாயே, அதே வருஷம். அப்புறம் டெல்லிப் பக்கம் கொடிகட்டிப் பறந்த கேம்பா கோலா, 1990-ல் பெப்சியும் 1993-ல் கோக்கும் வந்தபின் ஓய்ந்துபோனது. அதை ரிலையன்ஸ் 2022-ல் வாங்கி, 2023-ல் 200 மில்லி பத்து ரூபாய் என்று மறுபடி இறக்கியது. பழைய பெயர், பழைய ருசி, இன்றைய பணம். செத்துப்போன கலர் இப்படி எழுந்து வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இனி எவன் புதிதாக எதைக் கொண்டுவந்தாலும் பத்து ரூபாய்க்குள் நிற்க வேண்டும்.

என் பன்னீர் சோடாவும் பத்து ரூபாய்தான். ஆனால் அந்தப் பத்துக்குள் என்ன இருக்கிறது என்று பேங்க்காரனான நீயே கணக்குப் போடு. நாற்பது சதவீத ஜி.எஸ்.டி. வரி. பத்து ரூபாயில் 2 ரூபாய் 86 காசு அதற்கே போயிற்று. மிச்சம் 7 ரூபாய் 14 காசில் கடைக்காரன் லாபம், சீனி, எசன்ஸ், கேஸ் சிலிண்டர், லைன் வண்டி டீசல், பாட்டில் கழுவும் அக்காமாருக்குக் கூலி. பெரிய கம்பெனிக்கும் அதே நாற்பதுதான், அதில் ஓரவஞ்சனை இல்லை. அவனோ ஒரு நிமிஷத்தில் நூற்றுக்கணக்கில் நிரப்புகிறான். நான் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பிடித்து நிரப்புகிறேன். சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சதவீதம் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க ஒரு திட்டம் உண்டல்லவா? சோடா, கலர் போடுகிறவர்களை 2019 அக்டோபர் முதல் அதிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பான் மசாலா, புகையிலை, ஐஸ்கிரீம், அப்புறம் நாங்கள். நல்ல சேர்க்கை!

2025 செப்டம்பர் 22-ல் அந்த வரியை மாற்றியபோது ஒரு வேடிக்கை நடந்தது. சர்க்கரை போடாத, வாசனை சேர்க்காத வெறும் சோடாவுக்கு 18-லிருந்து 5. கேஸ் இல்லாத பழ ஜூஸுக்கு 12-லிருந்து 5. பாட்டில் இளநீருக்கும் 5. சீனி போட்ட சோடாவுக்கு மட்டும் அதே நாற்பது. சர்க்கரை உடம்புக்குக் கெடுதல், அதனால்தான் என்றால் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் சீனி கரைத்த மாம்பழ ஜூஸுக்கு ஐந்து, ஒரு கிராம் சீனிகூட இல்லாத டயட் கோலாவுக்கு நாற்பது! அப்படியானால் குற்றவாளி யார், சீனியா கேஸா? இங்கிலாந்தில் 2018-ல் போட்ட வரி நூறு மில்லியில் எத்தனை கிராம் சீனி என்று பார்த்துப் போட்ட வரி. ஐந்து கிராமுக்குக் கீழே போனால் வரியே இல்லை. கம்பெனிகள் தாமாகவே சீனியைக் குறைத்துக்கொண்டன. இங்கே நான் சீனியைப் பாதியாகக் குறைத்தாலும் எனக்கு ஒரு காசு மிச்சமில்லை, ருசி போனதுதான் மிச்சம்.

'நான் அப்பவே சொன்னேன்' என்று நீ ஆரம்பிப்பாய். ஆமாம், சொன்னாய். 2017 மார்ச்சில், ஜல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில் வியாபாரிகள் சங்கங்கள் கோக், பெப்சி விற்பதை நிறுத்தியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. காளிமார்க்கின் பொவன்டோவுக்கு ஊரெல்லாம் கிராக்கி. அவர்கள் 1916-லேயே விருதுநகரில் ஆரம்பித்தவர்கள், தாங்கினார்கள். நான் உன் பேச்சை மீறிக் கடன் வாங்கி அந்த சோடா மெஷினை இறக்கினேன். மூன்று மாதம் ராஜா. ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 28 சதவீதம் வரி, அதற்கு மேல் செஸ் என்று 12 சதவீதம் கூடுதல் வரி. ஆளைப் பார்த்துச் சிரிப்பது என்பார்களே, அந்த மெஷின் இன்னும் கொட்டகையில் நின்று என்னைப் பார்த்து அதைத்தான் செய்கிறது. கடனை முடித்துவிட்டேன், கவலைப்படாதே.

இவ்வளவும் எழுதிவிட்டேன். ஆனால் நான் நிறுத்தியதற்கு வரி மட்டும் காரணம் இல்லை. இதை வீட்டிலேகூட யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் பேரன் வந்திருந்தான். நான்கு வயசு. ஃபில்லிங் ரூமுக்குள் ஓடி வந்து ஒரு பன்னீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, 'தாத்தா, உடை' என்றான். நான் யோசிக்காமல் அதைப் பிடுங்கிவிட்டேன். 'இது உனக்கு வேண்டாம்டா கண்ணு' என்றேன். பாட்டில் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை, மாப்பிள்ளை. அவர் பிள்ளைகளும் இந்தச் சோடாவைக் குடித்து வளர்ந்தவர்கள்தான். ஊர்ப்பிள்ளைகளுக்கு விற்பேன், என் பேரனுக்கு மட்டும் கொடுக்க மாட்டேனா? வீட்டில் அவள் பதினோரு வருஷமாக மாத்திரை போடுகிறாள். உனக்கும் சர்க்கரை. நாட்டின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். 2023-ல் வெளியிட்ட ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று சொன்னது. அதில் என் பங்கு எத்தனை என்று இரவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் போட்டேன்.

மகளிடம் வரிக் கணக்கை மட்டும் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, 'அப்பா, வெறும் சோடாவுக்கு அஞ்சுதானே, அதை மட்டும் போடுங்க' என்றாள். ருசி? ருசியைக் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டுமாம். நன்னாரி சர்பத் கடையில் என்ன செய்கிறார்கள்? பாகு தனி, எலுமிச்சை தனி, சோடா தனி. குடிக்கிறவன் சீனி கம்மி என்றால் பாகைக் குறைத்து ஊற்றுகிறார்கள். உப்பு என்றால் உப்பு. இப்போது பெரிய கம்பெனிகளெல்லாம் சீனியில்லாத பாட்டில்களைத் தனியாக இறக்குகிறார்களே, அந்த வேலையை நம்மூர் சர்பத்காரர் ஒரு கரண்டியில் முடித்துவிடுகிறார். அப்பாவின் பன்னீர்க் கலவையைப் பாகாகக் காய்ச்சித் தனியே கொடுக்கலாம் என்பது அவள் யோசனை. அதற்கு வரி எந்தத் தலைப்பில் வரும் என்று ஆடிட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரே குறை. டம்ளரில் ஊற்றிக் கலக்கினால் கேஸ் பாதி ஓடிவிடுகிறது. பாட்டிலுக்குள்ளேயே பாகும் தண்ணீரும் கேஸும் ஒன்றாக அடைபட்டு, கட்டையால் கோலியைக் குத்தினதும் மூக்கில் ஏறுமே, அது வராது. வராது என்று தெரிந்தே நாலு நாளாகப் பாகின் பதத்தை மாற்றி மாற்றிக் கலக்கிப் பார்க்கிறேன். முதலில் பாகு, மேலே சோடாவைச் சரித்து ஊற்றினால் கொஞ்சம் தேவலை. கரண்டி போடவே கூடாது.

இன்னொரு கூத்து. நம் கோலி சோடா வெளிநாடு போகிறது! 2025 மார்ச்சில் வளைகுடாவின் லுலு கடைகளுக்குக் 'கோலி பாப் சோடா' என்று ஏற்றுமதியானதாக மத்திய அரசே அறிவித்தது. மகள் போனில் படம் காட்டினாள். ஹைரம் காட் என்கிற இங்கிலாந்துக்காரர் 1872-ல் கண்டுபிடித்த பாட்டில் அது. அவர்கள் ஊரில் அது எப்போதோ ஒழிந்துபோனது. ஜப்பானில் ராமுனே என்று இன்னும் விற்கிறார்கள். நாம் இங்கே வெட்கப்பட்டுக்கொண்டே விற்றோம். கோலி சோடா என்றால் மட்டம், கோலா என்றால் மாப்பிள்ளை வீட்டாருக்கு. உன் கல்யாணத்தில் உன் மாமனார் செய்ததை நான் சாகும்வரை சொல்லிக்காட்டுவேன்.

பிளாஸ்டிக் பாட்டில்காரர்களுக்கும் நெருக்கடி வருகிறது. 2025-26-லிருந்து 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் சேர்க்க வேண்டும், 2028-29-ல் அது அறுபதாகும் என்பது விதி. மகள் உடனே, 'நம்ம பாட்டில் நூறு தடவை திரும்பி வருது, நாமதான் அப்பா அடுத்த காலம்' என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நூறு தடவையும் அதைக் கழுவத் தண்ணீர் வேண்டும், கழுவ ஆள் வேண்டும், போன காலி பாட்டில் திரும்பி வர வேண்டும் என்பதை அவளிடம் சொன்னால், 'எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை' என்கிறாள். உடைகிற பாட்டிலுக்குப் பதில் உத்தரப்பிரதேசத்திலிருந்து புதுசு வர வேண்டும், லாரி வாடகை வேறு. அவள் சொல்வது நடந்தாலும் நடக்கலாம். அண்ணாச்சி வெறும் சோடா இரண்டு கிரேட் கேட்டிருக்கிறார். வெறும் சோடா அந்த ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டியதில்லை, பானைத் தண்ணீரில் போட்டாலே போதும். அந்த வகையில் நிபந்தனைக்காரனும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வருவாய்தானே? ஒரு நாள் முன்னாலேயே வந்து இறங்கு. பாகு பதம் அதற்குள் பிடிபட்டிருக்கும். உனக்குப் பாகு கிடையாது, மோந்து பார்த்து மட்டும் சொல்லு. சின்னவளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வா. அவளிடம் நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ இடையில் புகுந்து கதை அளக்காதே.

வரும்போது உன் வீட்டு ஷோகேஸில் பூ சொருகி வைத்திருக்கிறாயே, அந்த இரண்டு கோலி பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வா. இப்போது எனக்குக் காலி தட்டுப்பாடு. அதற்கு டெபாசிட்டும் நீ இன்னும் கட்டவில்லை.

அன்புடன்,
உன் கேஸ் சிலிண்டர்

பி.கு.: சேவு கால் கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். தங்கச்சிக்கு மட்டும்.