புரொஃபைல் போட்டோ பேக்கேஜ்: என் பணத்தையும் என் முகத்தையும் திருப்பிக் கேட்டு

அனுப்புநர்: பெயரும் முகவரியும் பில்லில் உள்ளபடி, கிருஷ்ணகிரி.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம், பெங்களூரு.

பொருள்: லிங்க்ட்இன் புரொஃபைலுக்காக எடுத்த போட்டோவைக் கேட்காமலே மாற்றியதும், அதை விளம்பரத்தில் போட்டதும் குறித்து.

ஐயா / அம்மா,

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் வேலை மாம்பழ சீசனோடு ஏறி இறங்குவது. அதனால் ஓசூர் பக்கமோ பெங்களூரு பக்கமோ, வருஷம் முழுக்க ஓடும் உணவு கம்பெனி ஏதாவது ஒன்றில் சேரலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். வேலை தேட உதவும் லிங்க்ட்இன் தளத்தில் என் கணக்கில் அப்போது படமே இல்லை. அதற்காகத்தான் உங்கள் 'புரொஃபஷனல் புரொஃபைல் போட்டோ' பேக்கேஜுக்கு ரூ.2,500 கட்டினேன்.

போட்டோ எடுக்க வந்த தம்பி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தைக் காட்டி அவரைத் திட்டிவிடாதீர்கள். டியூப்லைட்டை அணைக்கச் சொல்லி, என்னை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். கிட்டே வந்து எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும், செல்ஃபியில் நடப்பது அதுதான் என்று விளக்கிவிட்டு, தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தார். தோளைக் கொஞ்சம் திருப்பி, முகத்தை மட்டும் கேமரா பக்கம் வைக்கச் சொன்னார். காலண்டர், பீரோ எதுவும் விழாமல் பின்னால் வெறும் சுவர். எடுத்ததை கேமராவின் சின்னத் திரையில் காட்டியபோது எனக்கே பிடித்திருந்தது. ஆலைக்குக் கட்டிப் போகும் நீலக் காட்டன் புடவை, இடது கன்னத்து மச்சம், லேசான சிரிப்பு. என்னைத் தெரிந்த யாரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தப் படம் உங்கள் எடிட்டிங் டீமிடம் போய்த் திரும்பி வந்தபோது அதில் நான் இல்லை. நிறம் பல படி வெளுத்திருந்தது. மச்சத்தைக் காணோம். தாடை ஒடுங்கியிருந்தது. புடவையை எடுத்துவிட்டுக் கறுப்பு கோட் மாட்டியிருக்கிறீர்கள். அதன் காலர் ஒரு பக்கம் கழுத்துக்குள்ளேயே போகிறது. லேபில் போடும் வெள்ளை கோட்டைத் தவிர வேறு கோட்டை நான் தொட்டதுகூட இல்லை. சுவர் இருந்த இடத்தில் ஏதோ வெளிநாட்டுக் கண்ணாடிக் கட்டடங்கள். போன் செய்து கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் மேடம், ஸ்டாண்டர்ட் எடிட்டிங்" என்றார் உங்கள் ஊழியர். நான் இதைக் கேட்கவே இல்லையே என்றேன். "ஃப்ரீயாத்தானே மேடம் பண்ணியிருக்கோம்" என்றார்.

வேலைக்கான தளத்தில் ஒருவர் படம் வைப்பது, நாளைக்கு வீடியோவிலோ நேரிலோ வந்து உட்காரும் ஆள் இவர்தான் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிவதற்காக. புரொஃபைல் படம் கணக்கு வைத்திருப்பவரின் தோற்றத்தையே காட்ட வேண்டும் என்பது லிங்க்ட்இன் விதியிலேயே இருக்கிறது. டப்பாவில் அல்போன்சா என்று லேபிள் ஒட்டி உள்ளே பெங்களூரா ரக மாங்கூழை அடைத்தால், கூழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த லாட்டை நான் வெளியே விடமாட்டேன். உங்கள் டீம் செய்திருப்பது அதைத்தான். முகப்பருவையோ கலைந்த முடியையோ சரிசெய்தால் யாரும் கேட்கப்போவதில்லை. பரு அடுத்த வாரம் போய்விடும். மச்சமும் நிறமும் என்னோடு இருப்பவை.

நீங்கள் திருத்தித் தரும்வரை இருக்கட்டும் என்று அந்தப் படத்தையே கணக்கில் விட்டிருந்தேன். ஓசூர் கம்பெனி ஒன்றின் வீடியோ இன்டர்வியூவில் முதல் கேள்வியே "புரொஃபைல்ல இருக்கறது நீங்கதானா மேடம்?" என்பதுதான். அந்த வேலை கிடைக்காததற்கு இந்தப் படம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வேலையைப் பற்றிப் பேச வேண்டிய நேரத்தில் என் முகத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அளவு விஷயத்தையும் சொல்ல வேண்டும். லிங்க்ட்இன் படத்தை வட்டமாக வெட்டித்தான் காட்டும். அதில் முகம் ஏறத்தாழ 60 சதவீத இடத்தையாவது நிறைக்க வேண்டும் என்பது அவர்களே தரும் யோசனை. நீங்கள் அனுப்பியதோ இடுப்பு வரை இருக்கிறது. போனில் பார்த்தால் கோட்டும் கட்டடமும்தான் தெரிகின்றன, முகம் ஒரு புள்ளி. 8 எம்பி வரை அங்கே ஏற்ற முடியும் என்னும்போது, வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி அதன் தரத்தையும் குறைத்துவிட்டீர்கள். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும் என்பது போட்டோ தொழில் செய்பவர்களுக்குத் தெரியாதா?

இதெல்லாம்கூடப் போகட்டும். உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் என் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "கிராமத்து லுக்கிலிருந்து கார்ப்பரேட் லுக்குக்கு" என்று போட்டிருக்கிறீர்கள். என் தங்கை அனுப்பித்தான் நானே பார்த்தேன். புடவையும் மாநிறமும் திருத்த வேண்டிய கோளாறுகள் என்று உங்களுக்கு யார் சொன்னது? என்னுடன் வேலை பார்க்கும் பெண்கள் அத்தனை பேரும் அந்த 'பழைய' படத்தில் இருக்கும் மாதிரிதான் இருக்கிறார்கள்.

என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, நான் எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை. காசு கொடுத்து ஒருவர் தனக்காக எடுக்கச் சொன்ன போட்டோவின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் அவருக்கே சேரும் என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17 சொல்கிறது.

எனவே அந்த விளம்பரத்தை உடனே நீக்க வேண்டும். தம்பி எடுத்த படங்களை, எடிட் செய்யாமல், முழு அளவில் எனக்குத் தர வேண்டும். மாற்றிய படத்தை உங்களிடம் வைத்திருக்காமல் அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கட்டிய ரூ.2,500-ஐ முழுதாகத் திருப்பித் தர வேண்டும். அடுத்த பேக்கேஜில் தள்ளுபடி தருகிறோம் என்று உங்கள் ஊழியர் சொன்னது எனக்குத் தேவையில்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இவை நடக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். உங்கள் அலுவலகம் பெங்களூருவில் இருந்தாலும், நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. இவ்வளவு சின்னத் தொகைக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

பில் நகல், இரண்டு படங்கள், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பதிலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கைகூப்பும் பொம்மை அனுப்பினால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
பில்லில் பெயருள்ள வாடிக்கையாளர்