ரேட்டைக் குறைக்கும் முன்பு

அன்புள்ள மல்லிகா,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. உன்னை மிகவும் விசாரித்தார். பதவி உயர்வுக்கு என் வாழ்த்துகள். மெஸ் கணக்குப் பார்த்தவள் இனித் தையல் லைன்களைப் பார்க்கப் போகிறாள் என்றதும் ஜெயந்தி, "அங்கேயும் சாம்பாரை அளந்துதான் ஊற்றுவாளா?" என்று கேட்டாள்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. டைலர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் வேகத்தைத் தணித்து, நாள்தோறும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்றும், அடுத்த மாதம் பீஸ் ரேட்டை, அதாவது ஒரு துணிக்குத் தரும் கூலியை, குறைத்தால் வேறு வழியின்றி வேகமாகத் தைப்பார்கள் என்றும் எழுதியிருந்தாய். அதைச் செய்யாதே, மல்லிகா. மாலை வகுப்பில், வேலையிடத்தில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கும் நிறுவன நடத்தையியல் என்ற பெயரில் இந்தப் பருவம் நான் படிப்பது ஏறத்தாழ உன் லைனின் கதையைத்தான்.

சிகாகோவை ஒட்டிய சிசரோவில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளில், வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி உயர்ந்தது என்ற பகுதியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அதன் கடைசிக் கட்டம். 1931 நவம்பரில், தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் வேலையில் இருந்த 14 ஆண்களைத் தனி அறையில் அமர்த்தி, ஓர் ஆய்வாளர் ஓரமாக இருந்து கவனித்து வந்தார். குழு கூடுதலாகச் செய்தால் கூலியும் கூடும். அப்படியிருந்தும் ஒரு நாளைக்கு இரண்டு கருவிகள் போதும் என்று அவர்களே வரம்பு கட்டியிருந்தார்கள். மீறியவனுக்கு ரேட்டைக் கெடுப்பவன் என்ற பெயரும் மேற்கையில் ஒரு குத்தும் கிடைத்தன. மிகக் குறைவாகச் செய்தவனையும் அவர்கள் விடவில்லை. மேலதிகாரியிடம் போட்டுக்கொடுப்பவனை மன்னிக்கவே இல்லை. ஒரு நாள் கூடுதலாகச் செய்ததைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்து, குறைந்த நாளில் சேர்த்துக் காட்டினார்கள். நீ எழுதியதும் இதுதானே?

இந்த ஆய்வுகளைப் பற்றி 1939இல் ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் வெளியிட்ட பெரிய நூல், இதைப் பொருளாதாரக் கணக்காக ஏற்காமல், மேலிருந்து திணிக்கப்படும் மாற்றங்களிலிருந்து குழு தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியாகவே விளக்குகிறது. எனக்கு அது பாதி விளக்கமாகவே படுகிறது. அது உலகமெங்கும் பொருளாதாரம் சரிந்திருந்த பெருமந்தக் காலம். அதிகம் செய்தால் ரேட் இறங்கும், அல்லது சிலருக்கு வேலை போகும் என்பதே அந்த ஆட்களின் பேச்சு. 1932இல் வேலை வற்றிப்போய் அந்த அறையின் ஆய்வும் நின்றது. அவர்கள் பயந்ததில் என்ன தவறு? ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த ஃபிரடெரிக் டெய்லரே, கூடுதலாக உழைத்ததற்குப் பரிசாக ரேட் குறைக்கப்படுவதைக் கண்ட தொழிலாளி அதன்பின் தன் வேகத்தை மறைக்கவே முனைவான் என்று 1911இல் எழுதியிருக்கிறார். நீ ரேட்டைக் குறைத்தால், உன் டைலர்கள் இதுவரை சந்தேகப்பட்டதை நீயே மெய்ப்பித்தவளாவாய்.

நம் நாட்டிலேயே வேறொரு வழி நடந்திருக்கிறது. அகமதாபாத் காலிகோ ஆலையில் புதிய தானியங்கித் தறிகள் வந்தும் உற்பத்தி உயராதபோது, லண்டன் டாவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், ஆளுக்கொரு துண்டு வேலை என்ற முறையை விட்டு, ஒரு தொகுதித் தறிகளை ஒரு சிறு குழுவின் பொறுப்பில் விடலாம் என்று 1953இல் சொன்னார். மேற்பார்வையாளர்களும் தொழிலாளர்களும் அந்த யோசனையைத் தங்களுடையதாக்கிக்கொண்டு, குழுக்களைத் தாங்களே அமைத்தார்கள். உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது. நெசவுக் கூடமும் தையல் லைனும் ஒன்றல்ல என்பாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலையைப் பங்கிடும் உரிமையை வேலை செய்பவர்களிடம் கொடுத்துப் பார்க்க உன் லைனில் எது தடை?

முதலில் ஒன்றை மட்டும் விசாரி. முன்பு எப்போதாவது ஒரு லைன் வேகமாகத் தைத்து முடித்ததும் அதன் டார்கெட்டை ஏற்றினார்களா? சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு கேட்காதே. அங்கே நீண்ட காலம் வேலை பார்க்கும் பெண்களிடம் தேநீர் இடைவேளையில் நீயே போய்க் கேள். ஏற்றியிருந்தால், இந்த ஆர்டர் முடியும் வரை ரேட்டும் டார்கெட்டும் மாறாது என்று முதலாளியிடம் கையெழுத்து வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டு. அவர் எளிதில் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். அவரிடம் பேச உதவும் என்றால் என் வகுப்புக் குறிப்புகளைப் படியெடுத்து அனுப்புகிறேன்; எப்படியும் மாதம் பிறப்பதற்குள் எனக்குப் பதில் எழுது.

அன்புடன்,
வசந்தா