சிலாப்பைத் தாங்க லொறி ஜக் காணாது

ஆசிரியர் ஐயாவுக்கு,

கல்லடியில இருந்து காரைதீவு வரைக்கும் மெயின் ரோட்டோரம் பாத்தா வீட்டு முன்சுவரை உடைச்சு கடை போடுற வேலைதான் மும்முரம். போடட்டும், அது அவங்கட விருப்பம். ஆனா சுவரை எடுக்கிற நேரம் மேல கிடக்கிற பீமையும் சிலாப்பையும் எதால தாங்குறாங்க எண்டு போய்ப் பாருங்க, லொறிக்கு டயர் மாத்துற போத்தல் ஜக்குக்கு மேல தென்னங்குத்தி ஒண்டை நிமித்தி வச்சிட்டு ராவைக்கு அப்படியே விட்டுட்டுப் போறாங்க. அந்த ஜக் எண்ணெய் அமுக்கத்தில மட்டும்தான் நிக்குது, சீல் கொஞ்சம் கசிஞ்சாலும் விடியிறதுக்குள்ள இறங்கிடும், பிறகு வெடிப்பு எப்படி வந்ததெண்டு மேசனோட சண்டை.

இதுக்கெண்டே தட்டையான ஹைட்ரோலிக் ஜக் இருக்கு. ஆள் கட்டைதான், ஆனா 700 பார் அமுக்கம் குடுத்தா 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிஸ்டன் ஒண்டே 50 தொன்னுக்கு மேல தூக்கும், பரப்பும் அமுக்கமும்தான் கணக்கு, உயரம் இல்ல. லொக் நட் உள்ளதுதான் எடுக்கணும். தூக்கினதும் நட்டை இறுக்கினா பாரம் இரும்பில நிக்கும், எண்ணெய் போனாலும் இறங்காது. பாலத்துல தூணுக்கு மேல பீமைத் தாங்குற பெயரிங்கை மாத்துறதும் இப்படியான ஜக்காலதான், ஏனெண்டா பீமுக்கும் தூணுக்கும் நடுவில சில அங்குலம்தான் இடைவெளி. பிரான்ஸ் இஞ்சினியர் ஃபிரெய்சினே கண்டுபிடிச்ச ஃபிளாட் ஜக் அதைவிட மெல்லிசு, ரெண்டு இரும்புத் தகட்டை விளிம்பில ஒட்டினது, நிரந்தரமா நிக்கோணுமெண்டா எண்ணெய்க்குப் பதிலா சீமெந்துக் கூழை அடிச்சு உள்ளயே விட்டிடுவாங்க.

ஜக் மட்டும் நல்லதா இருந்து என்ன, நம்மட கரையோரம் முழுக்க மணல். கீழ அகலமான இரும்புத் தகடோ தடிச்ச பலகையோ போட்டு பாரத்தைப் பரப்பாட்டி சிலாப் எழும்பாது, ஜக்தான் மணலுக்குள்ள போகும். நாலு ஜக்கை ஒரே எண்ணெய்ப் பம்புல தனித்தனி வால்வு இல்லாம கொழுவுறதும் பிழை, பாரம் குறைஞ்ச பக்கம் முதல்ல எழும்பி பீமை முறுக்கிடும். மில்லிமீற்றர் கணக்கில தூக்கி, ஒவ்வொரு தரமும் நட்டை இறுக்கி இறுக்கித்தான் போகணும், அவசரப்படுற பாஸ்மாருக்கு இது சரிவராது!

சுவர் உடைக்க அனுமதி குடுக்கிற பிரதேச சபைகள் பாரத்தை எப்படித் தாங்கப்போறீங்க எண்டு ஒரு கேள்வியை போர்ம்ல சேத்தா நல்லம். ஹார்ட்வெயார்க்காரரும் சாரப்பலகை வாடகைக்குக் குடுக்கிற மாதிரி லொக் நட் ஜக் ரெண்டு செட் வச்சிருந்தா சின்ன கொந்தராத்துக்காரரும் எடுத்துப் பாவிப்பாங்க.

கட்டட வேலைக்காரன் ஒருவர்,
களுவாஞ்சிகுடி