எங்கள் படத்துக்கு மேல் இருக்கும் தலைப்பை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய பிளேஸ்மென்ட் கமிட்டியினருக்கு,

வணக்கம். இந்த வருட அட்மிஷன் கையேட்டில் எங்கள் பேட்ச் படங்களுக்கு மேல் 'ஹெட்ஜ் ஃபண்டில் வேலை' என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை 'ஃபண்ட் அக்கவுண்டிங்' என்று மாற்றுங்கள். பெரும் முதலீட்டாளர்களின் பணத்தைச் சந்தையில் போடுவது ஹெட்ஜ் ஃபண்ட்; நாங்கள் அதன் கணக்கைப் பார்ப்பவர்கள் மட்டுமே.

சோழிங்கநல்லூரில் எங்களுக்கு நைட் ஷிஃப்ட். நியூயார்க் சந்தை மூடும்போது இங்கே அதிகாலை ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அதன் பிறகுதான் வேலை சூடுபிடிக்கும். ஃபண்டின் கணக்கும், அதன் வர்த்தகங்களைக் கையாளும் பிரைம் புரோக்கர் அனுப்பும் பட்டியலும் ஒத்துப்போகிறதா என்று வரிவரியாகப் பார்த்து, ஒத்துவராத பிரேக் ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி, என்ஏவி, அதாவது ஃபண்டின் நிகர மதிப்பைப் போட்டுக் கொடுக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. கூட இருப்பவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் எதை வாங்குவது, விலை இறங்கும் என்று கணித்து எதை ஷார்ட் அடிப்பது என்ற முடிவு எங்களிடம் வருவதே இல்லை.

மும்பையில் ஓர் இன்டர்வியூவில் விலை ஏறும் என்று வாங்க ஒரு லாங், இறங்கும் என்று ஒரு ஷார்ட் சொல்லச் சொன்னார்கள். காரணத்தோடு சொன்னேன், கவனமாகக் கேட்டார்கள். பிறகு ரெஸ்யூமேயைப் பார்த்தவர், நான் ஆபரேஷன்ஸ், அதாவது கணக்குப் பக்கத்து ஆள்தானே என்றார். அதற்குமேல் ஒரு கேள்விகூட வரவில்லை.

நம் நாட்டில் ஹெட்ஜ் ஃபண்ட் என்றால் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் 2012 விதிகளின்படி மூன்றாம் வகை ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு நிதி). பொதுவாக ஒரு முதலீட்டாளர் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். கோடிக்கணக்கில் பணம், விரல்விட்டு எண்ணும் அளவுக்கு ஆட்கள். அதிலும் பெரும்பாலும் மும்பையில். பங்குகளை ஆராயும் ஈக்விட்டி ரிசர்ச்சில் சில வருடம் பழகியவர்களைத்தான் தேடுகிறார்கள். இதை முதல் செமஸ்டரிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் ரிசர்ச் வேலைக்குக் காத்திருந்திருப்போம். நீங்களோ, வந்த முதல் ஆஃபரை ஏற்காவிட்டால் அடுத்த கம்பெனிக்கு உட்கார விடமாட்டோம் என்றீர்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கிய அப்பாவிடம் எந்தப் பிள்ளை போய், வேலை வேண்டாம் என்று சொல்லும்? சென்னையில் படித்தால் கணக்கு சரிபார்க்கத்தான் லாயக்கு என்று நீங்களே முடிவுகட்டிவிட்டால் நாங்கள் யாரிடம் போவது?

கோபத்தில் கொஞ்சம் அதிகமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அட்மிஷன் இன்டர்வியூ தொடங்குவதற்குள் அந்தத் தலைப்பை மாற்றுங்கள். யாருக்கு என்ன வேலை என்பதை உள்ளபடி அச்சிடுங்கள். முடியாதென்றால் என் படத்தையாவது எடுத்துவிடுங்கள்.

பணிவுடன்,
உங்கள் முன்னாள் மாணவி