மொட்டை மாடிச் சாவி எங்களிடம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த 'வீட்டிலிருந்தே வேலை' கட்டுரையைப் படித்தேன். மன அழுத்தம் கூடினால் மொட்டை மாடியில் பத்து நிமிடம் காலாற நடக்க வேண்டுமாம். நல்ல யோசனைதான். எங்கள் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை ஹவுஸ் ஓனர் அண்ணா நகருக்குக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. துணி காயப்போடவே வழியில்லை, இதில் நான் எங்கே நடக்க!

எனக்கு மெடிக்கல் கோடிங்கில் வேலை. அமெரிக்க நோயாளிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து ஒவ்வொரு வியாதிக்கும் உரிய எண்ணைப் போடுவது, உங்களுக்குத் தெரியாததல்ல. மனிதர் ஓய்ந்து உதிர்ந்துபோன நிலைக்கும் அதில் ஓர் எண் உண்டு: இசட் 73.0. மடிப்பாக்கத்தில் டைனிங் டேபிளில் உட்கார்ந்து முகம் தெரியாத யாருக்கோ அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, உள்ளேயிருந்து மாமியார் குரல் வரும்: "சும்மாதானே உட்கார்ந்திருக்க, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடும்மா."

2020 மார்ச்சில் கம்ப்யூட்டரை வீட்டுக்கு அனுப்பியபோது 21 நாள் என்றார்கள். எங்கள் பிரிவுக்கு அந்த 21 நாள் இன்னும் முடியவில்லை. அதற்கு முன்பு ஓ.எம்.ஆர். நெரிசலைத் திட்டிக்கொண்டேதான் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன். ஆனால் துரைப்பாக்கம் வரை ஒரு தூக்கம் போடலாம். திரும்பும்போது பக்கத்து சீட் தோழியிடம் அன்றைய வயிற்றெரிச்சலைக் கொட்டிவிட்டு இறங்கலாம். இப்போது ஐந்து நிமிடம் மவுஸ் அசையாவிட்டால் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். அதனால் வலது கையில் மவுஸ், இடது கையில் தாளிப்புக் கரண்டி. இதைத்தான் 'பெண்களுக்கு வரப்பிரசாதம்' என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அவர் வீட்டில் யார் தாளிக்கிறார்களோ!

கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. கால் கடுக்க நிற்கும் அந்தப் பெண்களுக்கு அது வேண்டியதுதான். எங்களை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விடச் சொல்லி யாராவது ஒரு சட்டம் போட்டால் தேவலை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர். லேப்டாப்பைப் பாலிதீன் பையில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கரண்ட் இருந்த நாத்தனார் வீட்டுக்குப் போய் லாகின் செய்தேன். "ஏன் லேட்?" என்று கேட்டார் டீம் லீடர். அப்போதும் உங்களுக்கு ஒரு கடிதம் போட்டேன். அந்த வாரம் மழையைப் பற்றி ஒரு வாசகர் கவிதை வெளியிட்டிருந்தீர்கள். இடம் இருந்திருக்காது, வருத்தமில்லை.

இப்போது கேட்பது ஒன்றுதான். 'இன்றைய மின்தடை' பட்டியல் அன்று காலைதான் உங்கள் பேப்பரில் வருகிறது. அதிலும் 'மடிப்பாக்கம் ஒரு பகுதி' என்று மட்டும். எந்தப் பகுதி? போன செவ்வாய் 9 மணிக்குப் போன கரண்ட் 2 மணிக்குத்தான் வந்தது. இன்வெர்ட்டர் பத்தரை மணிக்கே கையை விரித்துவிட்டது. "பேப்பர்ல போட்டிருந்தாங்களே, முன்கூட்டியே சொல்றதுக்கென்ன?" என்று அரை நாள் லீவு போடவைத்தார்கள். தயவுசெய்து அந்தப் பட்டியலை முந்தின நாளே, தெருப் பெயரோடு போடுங்கள்.

இப்படிக்கு,
பல வருட வாசகி,
சென்னை–91.

(பெயர் வேண்டாம். டீம் லீடர் வீட்டிலும் உங்கள் பேப்பர்தான்.)